வானவில்லுக்குச் சாயம் ஏற்றிய ஊர்

1921 செப்டம்பர் 26. இங்கிலாந்திலிருந்து வந்த ‘நார்குண்டா’ கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நிற்கிறது. அதில் வந்த ஒரு பயணி, ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதி, முகவரி இருக்கவேண்டிய இடத்தில் ‘பம்பாய்த் துறைமுகம்’ என்று குறிக்கிறார். அவர் திருச்சிப் பக்கம் பிறந்த சி. வி. ராமன். கடிதத்தின் பொருள், கடலின் நிறம்.

வழி நெடுக மேல்தளத்தில் நின்று, நிகோல் பட்டகம் என்ற சின்னப் படிகத்தைக் கண்ணருகே பிடித்துத் திருப்பித் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார் ராமன். குறிப்பிட்ட கோணத்தில் திருப்பினால், நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கிற வானத்தின் பளபளப்பை அந்தப் படிகம் தடுத்துவிடும். பளபளப்பு போனதும் கடலின் நீலமும் போயிருக்க வேண்டும், அது வானத்திடம் வாங்கிய கடனாக இருந்திருந்தால். போகவில்லை. அடியிலிருந்து இன்னும் ஆழமான நீலம் எழுந்து வந்தது. வானத்தைக் காட்டுவதால்தான் கடல் நீலம் என்று அதுவரை சொல்லிவந்த விளக்கம் அங்கே ஆட்டம் கண்டது.

இன்று வானவில்லைப் படமெடுக்கிறவர்கள் லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற போலரைசர் கண்ணாடி, ராமன் கையில் இருந்த படிகம் செய்த அதே வேலையைத்தான் செய்கிறது. வானவில்லின் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிற ஒளி. 1811-லேயே பிரான்சில் பியோ என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடியைச் சரியாகத் திருப்பினால், பின்னால் இருக்கிற மேகத்தின் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும், வில்லின் ஒளி மட்டும் அப்படியே வந்து சேரும். வெளுத்துக் கிடந்த வில் சட்டென்று எடுப்பாகத் தெரியும். இன்னும் கால் வட்டம் திருப்பினாலோ உச்சியில் வில்லே காணாமல் போய்விடும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைக் கைபேசிக் கேமராவுக்கு முன்னால் பிடித்துத் திருப்பினாலும் இதைப் பார்க்கலாம்.

நிறம் இருக்கிறது, ஆனால் அதை மறைக்கிற வேறு வெளிச்சமும் கூடவே இருக்கிறது. விலக்கவோ, ஈடுகட்டவோ ஒரு கை தேவைப்படுகிறது. பம்பாயில் அந்தக் கையின் வரலாற்றுக்கு நூற்றெழுபது வயது. அதில் ஒரு பெரிய பங்கு மாட்டுங்காவில், தமிழர் ஒருவரின் தலைமையில் நடந்தது.

முதலில் இந்த ஊரில் வானவில் எங்கே விழும் என்று பார்த்துவிடலாம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவருக்கு, அவருடைய தலையின் நிழல் விழுகிற திசையிலிருந்து 42 பாகை தள்ளி வில் வளையும். ஆகவே சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வில் கிடையாது. மும்பையில் ஜூலைக் கடைசியில் காலை சுமார் ஒன்பதேகாலுக்கு மேலும் மாலை நாலு மணிக்கு முன்பும் எவ்வளவு மழை பெய்து எவ்வளவு வெயில் அடித்தாலும் வானவில்லைத் தேடிப் பயனில்லை. ஐந்தரை மணிக்கு அதன் உச்சி கையை நீட்டிச் சாண் விரித்த அளவு உயரத்தில் இருக்கும். ஏழேகாலுக்குப் பொழுது சாய்கிறபோது முழு அரைவட்டமாக எழுந்து நிற்கும்.

அந்த மாலை நேரத்தில் தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் ஒரு மாடியில் ஏறி நின்றால், வில்லின் நடு டிராம்பே குன்றின் பக்கம் இருக்கும், இடது கால் செம்பூர்ப் பக்கம் இறங்கும். காலை வானவில் இதற்கு நேர் எதிர். மாகிம் கடல் பக்கம் தோன்றும். ஜூலையில் மேகம் வானத்தையே மூடிக்கொள்வதால் வெயிலுக்கு வழி கிடைப்பது அபூர்வம். ஜூனின் தொடக்கமும், மழை விடைபெறுகிற செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான் வில்லுக்கு ஏற்ற காலம். பழந்தமிழில் இதற்குத் ‘திருவில்’ என்றும் ஒரு பெயர் உண்டு. மராட்டியர் இந்திரனின் வில் என்கிறார்கள். பெயர் வைத்துப் பல நூற்றாண்டு ஆன பிறகுதான் அதைப் படத்தில் பிடிக்கிற காலம் வந்தது.

வந்ததும் முதலில் தோல்விதான்.

பம்பாய் போட்டோகிராபிக் சொசைட்டி 1854-ல் தொடங்கியது. இந்தியாவிலேயே முதலாவது. டாக்டர் பாவு தாஜி போன்ற ஊர்ப் பெரியவர்கள் அதில் உறுப்பினர்கள். அன்றைய கொலோடியன் தகடுகளுக்கு ஒரு பெரிய குறை: அவற்றுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். சிவப்பும் பச்சையும் இருட்டு. நீல வானம் தகட்டில் மிகையாகப் பதிந்து, படத்தில் வெறும் வெள்ளைத் தாளாக வந்தது. அந்தக் காலப் பம்பாய்ப் படங்களை எடுத்துப் பாருங்கள். கோட்டை, துறைமுகம், வாக்கேஷ்வர் குளம் எல்லாம் இருக்கும், மேகம் இருக்காது. வருஷத்தில் நாலு மாதம் மேகத்துக்கு அடியில் வாழ்கிற ஊரின் வானம், அதன் முதல் படங்களில் வெறுமையாக இருக்கிறது. அந்தத் தகட்டில் வானவில்லைப் பிடித்திருந்தால் ஊதாப் பக்கத்து ஓரம் மட்டும் பதிந்து, அதுவும் வெள்ளை வானத்தில் கரைந்துபோயிருக்கும்.

அதனால் ஒட்டுவேலை அன்றைக்கே தொடங்கிவிட்டது. சொசைட்டியின் தொடக்ககால உறுப்பினர் வில்லியம் ஜான்சன், பம்பாயில் வாழ்ந்த பல சமூகத்தாரைப் படமெடுத்து 1863-லும் 1866-லும் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். ஆட்களைத் தனியாகவும் ஊரின் காட்சிகளைத் தனியாகவும் எடுத்து, இரண்டையும் இணைத்து ஒரே படமாக அச்சிட்டிருந்தார். போட்டோஷாப் 1990-ல் வந்தது. பம்பாயில் ஒருவர் அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்பே பின்னணி மாற்றிக்கொண்டிருந்தார். ‘இப்போதெல்லாம் படத்தில் கைவைக்கிறார்கள், அந்தக் காலத்தில் உள்ளதை உள்ளபடி எடுத்தார்கள்’ என்று சொல்பவர்கள் ஜான்சனின் தொகுதிகளை ஒருமுறை புரட்ட வேண்டும்.

நிறம் தகட்டில் ஏறாதபோது தூரிகையால் ஏற்றினார்கள். ஸ்டூடியோவில் படமெடுக்கும்போதே புடவை என்ன நிறம், கரை என்ன நிறம், கல் வைத்த தோடா முத்தா என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். பிறகு படம், வண்ணம் தீட்டுகிறவரின் மேஜைக்குப் போகும். அவர் பஞ்சைத் திரித்து நுனியில் கொஞ்சம் சாயம் தொட்டுக் கன்னத்தில் மெல்லத் தேய்ப்பார். அடியில் இருக்கிற நிழலும் மேடுபள்ளமும் தெரியும்படி சாயம் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். ஜரிகைக்கு மட்டும் கெட்டியான பொன்வண்ணம், புள்ளி புள்ளியாக. கூடினால் பொம்மை, குறைந்தால் பிரேதக் களை. ஆளை நேரில் பார்க்காமலே அந்த நடுவழியைக் கண்டுபிடித்த கைகள் அவை. அவர்களுடைய பெயர் பெரும்பாலும் படத்தில் இருக்காது. கீழே ஸ்டூடியோவின் முத்திரை மட்டும் இருக்கும். ராஜா தீன்தயாள் 1896-ல் பம்பாயில் திறந்தது போன்ற பெரிய ஸ்டூடியோக்கள் அந்த முத்திரைகளால் புகழ்பெற்றன.

அதே காலத்தில், 1894-ல், ராஜா ரவிவர்மா கிர்காமில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒன்றன்மேல் ஒன்றாக அச்சேறிக் கடைசியில் லட்சுமியும் சரஸ்வதியும் முழு நிறத்தில் வெளியே வந்தார்கள். தமிழ்நாட்டு வீடுகளின் பூஜையறைகளில் இன்றும் தொங்குகிற அந்த முகங்களின் அச்சு வரலாறு பம்பாயில்தான் தொடங்குகிறது.

தகட்டின் குருட்டுத்தனத்தைப் போக்கியதும் சாயம்தான். 1873-ல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்ற வேதியியலாளர், தகட்டில் குறிப்பிட்ட சாயத்தைக் கலந்தால் அதற்குப் பச்சையும் தெரியத் தொடங்குகிறது என்று கண்டார். சாயம் அந்த நிற ஒளியை விழுங்கி, அதன் ஆற்றலை வெள்ளி உப்புக்குக் கைமாற்றிவிடுகிறது. பிறகு சயனைன் என்ற வகைச் சாயங்கள் வந்து, 1906 வாக்கில் சிவப்புவரை எல்லா நிறமும் தெரிகிற தகடுகள் விற்பனைக்கு வந்தன. வானவில்லின் சிவப்பு ஓரம் முதன்முதலாகக் கறுப்பு வெள்ளையிலாவது ஒழுங்காகப் பதியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வண்ணப் படச்சுருளோ முழுக்க முழுக்கச் சாயத்தால் ஆனது. கழுவி முடித்த வண்ணப் படத்தில் வெள்ளி ஒரு துளிகூட மிஞ்சாது. மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று சாய அடுக்குகள் மட்டும் இருக்கும்.

இங்கேதான் மாட்டுங்கா வருகிறது.

மாட்டுங்கா என்றதும் தமிழருக்கு நினைவுக்கு வருவது கிங்ஸ் சர்க்கிள், ஆஸ்திக சமாஜம், பூக்கடைகள், டிகிரி காபி. அங்கிருந்து சற்று நடந்தால் கெமிக்கல் டெக்னாலஜி கல்லூரி. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933-ல் தொடங்கிய துறை அது. பஞ்சாலைகளுக்குச் சாயம் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பது அதற்கு முதல் காரணம். 1943-ல் மாட்டுங்காவுக்குக் குடிபெயர்ந்தது. பழைய மாணவர்களுக்கு இன்றும் அது ‘யூ.டி.சி.டி.’தான். அதன் முதல் இந்திய இயக்குநர் கிருஷ்ணசாமி வெங்கடராமன். 1901-ல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து, லாகூரில் பாடம் நடத்திவிட்டுப் பம்பாய் வந்தவர். 1938 முதல் 1957 வரை இயக்குநர். லாகூரில் இருந்தபோதே அவர் கண்ட ஒரு வேதிவினை, பேக்கர்–வெங்கடராமன் மாற்றம் என்ற பெயரில் இன்றும் உலகமெங்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அவர் செய்த பெரிய காரியம் ஒரு புத்தகம். செயற்கைச் சாயங்களின் வேதியியலைப் பற்றி 1952-ல் இரண்டு தொகுதிகள் நியூயார்க்கில் வெளிவந்தன. சாயத் தொழில் அன்று ஜெர்மானியர், சுவிட்சர்லாந்துக்காரர், ஆங்கிலேயர், அமெரிக்கர் கையில். தொழில் ரகசியங்கள் காப்புரிமைப் பத்திரங்களின் நடையில் புதைந்து கிடந்தன. இந்தியாவில் சொல்லிக்கொள்ளும்படி சாயத் தொழிற்சாலையே அதிகம் இல்லாத காலம். அப்படிப்பட்ட நாட்டிலிருந்து ஒருவர் அத்தனையையும் படித்துக் கோத்து, உலகத்துச் சாயக்காரர்கள் எல்லோரும் மேஜையில் வைத்துக்கொள்கிற நூலை எழுதினார். அடுத்து வந்த தொகுதிகளை, அந்தந்தத் துறை வல்லுநர்களை எழுதவைத்து அவர் பதிப்பித்தார். 1978-ல் எட்டாவது தொகுதி வந்தது. 1971-ல் வந்த நான்காம் தொகுதியில் சயனைன் சாயங்களுக்கு ஓர் அத்தியாயம், வண்ணப் படச்சுருளைக் கழுவும்போது சாயம் எப்படி உருவாகிறது என்பதற்கு ஓர் அத்தியாயம். தகட்டுக்குக் கண் கொடுத்த சாயமும், படத்துக்கு நிறம் கொடுத்த சாயமும் ஒரே அட்டைக்குள், ஒரு தமிழர் பதிப்பித்த நூலில்.

பூனாவின் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு முதல் இந்திய இயக்குநராகவும் அவர்தான் போனார். 1961-ல் பத்மபூஷண். ராமனின் பெயர் தெரியாத தமிழர் இல்லை. மாட்டுங்காவின் வெங்கடராமனைத் தெரிந்தவர் எத்தனை பேர்? நிறத்தைப் பற்றிய அறிவில் இருவருக்கும் சமமான ஆசனம் போட வேண்டும் என்பது மிகையான பேச்சு அல்ல. ஒளி எப்படி நிறமாகிறது என்று ஒருவர் பார்த்தார். பொருள் எப்படி நிறம் தாங்குகிறது என்று மற்றவர் பார்த்தார். வானவில் படத்துக்கு இரண்டும் வேண்டும்.

சாயம் கல்லூரியில் மட்டும் இருக்கவில்லை. மாட்டுங்காவுக்கு அடுத்த தாராவியில், 1887-ல் முதல் தோல் ஷாப்பு வந்ததாகச் சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அந்தத் தொழிலில் நின்றார்கள். பச்சைத்தோலைப் பதனிட்டுச் சாயம் ஏற்றுகிறவனுக்கு, ஈரத்தில் தெரிகிற நிறம் வேறு, காய்ந்த பிறகு நிற்கிற நிறம் வேறு என்று கைக்கே தெரியும். பம்பாயில் வண்ணப் படம் அச்சிட்ட லேப்காரர்களும் இதையே தினமும் சந்தித்தார்கள்: தொட்டியிலிருந்து ஈரமாக எடுத்த படத்தின் நிறத்தை நம்பக் கூடாது, காயவைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சினிமாவில் நிறம் வந்த கதையை விரித்தால் தனிப் புத்தகமாகும். இங்கே வேண்டியது மட்டும். அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி பம்பாயில் 1931-ல் ‘காளிதாஸ்’ எடுத்தது, டி. பி. ராஜலட்சுமி நடித்த முதல் தமிழ்ப் பேசும் படம். அதே கம்பெனி 1937-ல் ‘கிசான் கன்யா’ எடுத்தது. இந்தியாவிலேயே கழுவி அச்சிட்ட முதல் வண்ணப் படம். சினிகலர் என்ற அந்த முறையில் இரண்டே நிறம்: செம்மஞ்சள் சாய்ந்த சிவப்பு, பச்சை சாய்ந்த நீலம். முகமும் மண்ணும் நன்றாக வரும். நல்ல பச்சை வராது, ஊதா வரவே வராது. அந்தக் கேமராவை வானவில் பக்கம் திருப்பியிருந்தால் இரண்டு பட்டைதான் தெரிந்திருக்கும். ஹாலிவுட்டில் மூன்று நிற டெக்னிகலர் வந்துவிட்ட பிறகும், 1939-ல் வந்த ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் வானவில்லைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற பாட்டு, பழுப்பு நிறத்தில் எடுத்த பகுதியில்தான் வருகிறது.

தமிழில் 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கேவாகலரில் வந்தது. 1959-ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ லண்டனில் டெக்னிகலரில் அச்சாகி வந்தது. செம்பூரில் 1948 முதல் இயங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ, கறுப்பு வெள்ளையிலேயே பேர் வாங்கிவிட்டு, 1964-ல் ‘சங்கம்’ படத்தில்தான் நிறத்துக்கு மாறியது. ஆனால் அந்த வளாகத்தில் வருஷம் தவறாமல் ராஜ்கபூர் நடத்திய ஹோலி, செம்பூர்வாசிகளுக்கு அதற்கு முன்பே நிறத்தின் திருவிழா. 2017 செப்டம்பர் 16-ல் தீ பிடித்து ஸ்டூடியோவின் பெரும்பகுதி அழிந்தது. 2019-ல் நிலம் கைமாறியது. அரங்கம் மட்டுமல்ல, பழைய படங்களின் உடைகளும் நகைகளும் எரிந்துபோயின. கறுப்பு வெள்ளையில் மட்டுமே நாம் பார்த்த அந்த உடைகளின் உண்மை நிறம் என்ன என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி அவை. இதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

தாராவியின் நிறத்தைத் திரையில் முதலில் சரியாகச் சொன்னவர் பி. சி. ஸ்ரீராம். 1987-ல் ‘நாயகன்’. தோட்டா தரணி சென்னையில் எழுப்பிய தாராவியை அவர் பளிச்சென்ற நிறம் எதுவும் துருத்தாமல், மங்கலான வெளிச்சத்தில் எடுத்தார். இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. 2018-ல் ‘காலா’வின் முடிவில் அதே தாராவி கறுப்பும் சிவப்பும் நீலமுமாக வெடித்தது. நிறத்தை அடக்குவதும் திறந்துவிடுவதும் இரண்டுமே ஒருவர் யோசித்து எடுக்கிற முடிவுதான் என்பதற்கு இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும்.

மழையைக் காட்டவந்த வெளிநாட்டவர்களும் இதில் உண்டு. நியூசிலாந்தின் பிரையன் பிரேக், இந்தியப் பருவமழையைப் பற்றி 1961-ல் ‘லைஃப்’ இதழில் வண்ணப் படத் தொடர் வெளியிட்டார். முகத்தில் முதல் மழைத்துளி வாங்கும் பெண்ணின் படம் அதில் உலகப் புகழ் பெற்றது. அந்தப் பெண் பின்னாளில் நடிகையும் இயக்குநருமான அபர்ணா சென். மழை, கல்கத்தா மொட்டைமாடியில் பூவாளியால் ஊற்றிய மழை. ஸ்டீவ் மக்கரி 1993-ல் பம்பாயில் எடுத்த படத்தில், மழை வழியும் கார்க் கண்ணாடிக்கு வெளியே சிவப்புப் புடவையில் ஒரு தாய், கையில் குழந்தை. கோடாக்ரோம் சுருளின் சிவப்புக்கு உலகமே மயங்கிய காலம் அது. 1935-ல் வந்த அந்தச் சுருளை 2009-ல் நிறுத்தினார்கள். ஆலையிலிருந்து கடைசியாக வந்த சுருளை மக்கரியிடமே கொடுத்தார்கள். முப்பத்தாறு படம். அவற்றில் சிலவற்றை எடுக்க அவர் வந்த ஊர் மும்பை. 2016-ல் அவருடைய வேறு சில படங்களில் கணினியில் ஆட்களும் பொருள்களும் நீக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்து பெரிய விவாதமானது. தன்னைச் செய்திப் படக்காரர் என்பதைவிடக் காட்சியால் கதை சொல்பவர் என்று பார்க்கச் சொன்னார் அவர். சிவப்பை எடுப்பாக்குவது வேறு, நின்ற ஆளை அழிப்பது வேறு. இந்தக் கோடு எங்கே என்பதில் இந்தக் கட்டுரைக்குச் சந்தேகம் இல்லை.

ஜெய்ப்பூரில் பிறந்து, ‘பம்பாய்: கேட்வே ஆஃப் இந்தியா’ என்ற நூலை 1994-ல் தந்த ரகுபீர் சிங் இன்னொரு கோணத்தைச் சொன்னார். புகைப்படம் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், நிறத்தில் எடுப்பதா என்ற கேள்வியே எழுந்திருக்காது என்பது அவர் வாதம். மேலை நாட்டுக் கலைஞர்கள் நிறத்தை விளம்பரக்காரர்களின் சரக்கு என்று தள்ளிவைத்திருந்த நாளில் அவர் நிறத்தில் மட்டுமே நின்றார். ரவிவர்மா அச்சகத்தையும் ஸ்டூடியோவின் பஞ்சுத்துணுக்குக் கைகளையும் பார்த்த கண்ணுக்கு, அவர் சொன்னது நியாயமாகவே படுகிறது.

ஆனால் சாயம் நிலைப்பதில்லை. மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் எழுபதுகளில் எடுத்த கல்யாண ஆல்பங்களைத் திறந்தால் இது கண்கூடு. மயில்கழுத்துப் பட்டு சாம்பலாகியிருக்கும், வாழைமரத்தின் பச்சை பழுப்பாகியிருக்கும், மொத்தக் கூட்டமும் செங்கல் நிறத்தில் நிற்கும். அந்தக் காலக் காகிதத்தில் சயான் சாயம்தான் பெரும்பாலும் முதலில் கைவிடும்; அது போனால் சிவப்பு மட்டும் மேலோங்கும். கடற்கரை ஊரின் புழுக்கமும் மூடிய அலமாரியும் அதை விரைவுபடுத்தும். ஆல்பத்துக்குள் கறுப்பு வெள்ளையில் இருக்கிற பாட்டியின் கல்யாணப் படம், பேத்தியின் வண்ணப் படத்தைவிடத் தெளிவாக இருப்பது இதனால்தான். இப்போது அவற்றை ஸ்கேன் செய்து, இழந்த நீலத்தைக் கணினியில் திருப்பிக் கொண்டுவரும் கடைகள் வந்திருக்கின்றன. அங்கேயும் பழைய கேள்விதான்: ‘அம்மா, உங்க கூரைப்புடவை என்ன கலர்?’

கைபேசிக் கேமராவில் சாயம் இன்னும் இருக்கிறது, இடம் மாறிவிட்டது. கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி, சென்சாரின் ஒவ்வொரு புள்ளிமீதும் ஒரு நுண்ணிய நிறவடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. நாலு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். ஊதாவுக்கென்று கண் இல்லை. வானவில்லின் உள் ஓரத்தில் கண்ணால் பார்த்த ஊதாவை, நீலத்தோடு கொஞ்சம் சிவப்பைக் கலந்து கேமரா கணித்துப் போடுகிறது. பல நேரம் போடாமலே விட்டுவிடுகிறது. மஞ்சளும் அப்படிக் கணித்ததே. போதாக்குறைக்கு, சாயங்காலத்து வெயிலின் மஞ்சளைத் தவறு என்று எண்ணி, தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதையும் வெளுத்துவிடும்.

வானவில்லே சுத்தமான நிறங்களின் வரிசை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வில்லின் அகலம் சுமார் இரண்டு பாகை. சூரியனின் வட்டமே அரைப் பாகை அகலம். ஆகவே ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்தின்மேல் ஏறிப் படிந்தே விழுகிறது. பெரிய துளியாகப் பெய்தால் சிவப்பு கூர்மையாக இருக்கும். சாரலென்றால் வில் வெளிறிப்போகும்.

இத்தனையும் தெரிந்தவர் எப்படித் திருத்துவார்? எடுக்கும்போதே ரா கோப்பாக எடுப்பார். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், ராவில் ஆயிரக்கணக்கில். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்திவைப்பார், வெளிச்சத்தை ஒரு மாற்றுக் குறைப்பார். செம்பூர்ப் பக்கத்துக் கரிய மேகம் இன்னும் கருக்கும், வில் தானாக முன்னே வரும். பிறகு லைட்ரூமில் சாச்சுரேஷன் பட்டியைத் தொடமாட்டார். அதை முழுப் படத்துக்கும் இழுத்தால் முதலில் கெடுவது தாராவிக் கூரைகளின் நீலத் தார்ப்பாய். அது கண்ணைக் குத்துகிற நீலமாகிப் படத்தையே தின்றுவிடும். தூரிகைக் கருவியை எடுத்து வில்லின்மேல் மட்டும் ஒருமுறை ஓட்டி, அந்த வளைவுக்குள் கான்ட்ராஸ்டையும் டீஹேஸையும் கொஞ்சம் ஏற்றுவார். நிறத்தைக் கடைசியாக, சிட்டிகை அளவுக்கு. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே படிக்கட்டுப்போல் கோடு தெரியத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திப் பின்வாங்குவார். பஞ்சுத்துணுக்கால் கன்னத்துக்குச் சிவப்பிட்டவரின் கணக்கும் இதுவே. முழு வில்லும் ஒரே படத்தில் வர வேண்டுமென்றால் கைபேசியின் அகல லென்ஸ் வேண்டும். 84 பாகை அகலமுள்ள வட்டம் சாதாரண லென்ஸுக்குள் அடங்காது.

பொழுது சாயும் வேளையின் வில்லில் நீலம் இருக்காது. காற்று நீலத்தை வழியிலேயே சிதறடித்துவிடுவதால், அது முழுக்கச் செவ்வில்லாக நிற்கும். அதற்கு நீலமும் ஊதாவும் வரைந்து ‘சரிசெய்த’ படங்கள் உலவுகின்றன. அபூர்வமான ஒன்றைச் சாதாரணமாக்கிய படங்கள் அவை. இரட்டை வில்லிலும் இப்படியே. வெளியே இருக்கும் இரண்டாம் வில்லில் நிறவரிசை தலைகீழ், சிவப்பு உள்பக்கம். இரண்டுக்கும் நடுவே வானம் சற்றுக் கருத்திருக்கும். முதல் வில்லையே நகலெடுத்துப் பெரிதாக்கி மேலே ஒட்டினவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

ஒட்டிய வில்லைக் கண்டுபிடிக்க மும்பைக்காரருக்கு இன்னும் எளிய வழி உண்டு. மெரின் டிரைவ் மேற்கே பார்த்தது. அங்கே கடலுக்குள் சூரியன் இறங்குகிற படத்தில், அதே வானத்தில் வானவில்லும் வளைந்திருந்தால் அது வேறெங்கிருந்தோ வந்த வில். கேட்வே ஆஃப் இந்தியா கிழக்குத் துறைமுகத்தைப் பார்த்தது. சாயங்காலம் நிலப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில், அதற்கு மேலே வில் நின்றால் நம்பலாம். அப்போதும் தரையில் விழுந்த நிழல்களைப் பார்க்க வேண்டும். விளக்குக் கம்பம், ஆட்கள், புறாக்கள், எல்லாவற்றின் நிழலும் வில்லின் நடுவை நோக்கி நீள வேண்டும். ராமனின் கப்பல் வந்து நின்றதும் அந்தத் துறைமுகத்தில்தான். மழைக்காலம் முடிகிற செப்டம்பர் மாதம், வெயிலும் தூறலும் மாறி மாறி வருகிற நாள்கள்.